பெரம்பூரில் பழைய மனையில் கட்டிய ஆறு வீடுகளில் ஒன்று: குடியிருந்து பார்த்தபின் என் மதிப்பீடு

பெரம்பூரில் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு குறுக்குத் தெருவில், இரண்டாவது மாடியில், 950 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு, ஆக மொத்தம் ஆறு. 2,850 சதுர அடி மனையில் இருந்த ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டியது. என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, இதுவரை யாரும் சொந்தமாக வீடு வாங்கியதில்லை. 2024 தொடக்கத்தில் அக்ரிமென்ட் போட்டு, அந்த வருடக் கடைசியில் பதிவு செய்து, 2025 தை மாதம் பால் காய்ச்சினோம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுதாகப் பார்த்தாகிவிட்டது. இதே மாதிரி வீடு தேடுகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

பில்டரின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டடம் எடுத்துக் கட்டுகிற இவரைப் போன்றவர்கள் வட சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பவர் வேறொருவராக இருப்பார். வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட சின்னக் கட்டடத்தில் வீடு வாங்கலாம், எங்களுக்கு மனநிறைவு. ஆனால் டைல்ஸ், லிஃப்ட், மாடுலர் கிச்சன் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்த மண் யார் யாருக்குச் சொந்தம்? அந்த மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? மற்ற குறையெல்லாம் காசு போட்டுச் சரிசெய்யலாம். இந்த இரண்டும் தப்பிப்போனால் பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் பெரம்பூர் என்று பலர் கேட்டார்கள். இதே பணத்துக்கு அவுட்டரில் நீச்சல்குளத்தோடு மூன்று படுக்கையறை கிடைக்குமே என்றார்கள். கிடைக்கும். ஆனால் என் மாமனார் ரயில்வேயின் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அத்தைக்கு வைத்தியம் எல்லாம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவரை மாதாமாதம் அவுட்டரிலிருந்து கூட்டி வருவது நடக்கிற காரியமில்லை. என் வேலை எழும்பூர்ப் பக்கம். பெரம்பூர் ஸ்டேஷனில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். பெசன்ட் நகர் வரைக்கும் போகிற 29சி பஸ்ஸும் இருக்கிறது. எங்கள் தேவைக்கு இதற்கு மேல் ஊர் தேட வேண்டியிருக்கவில்லை.

பெரம்பூரில் ஏன் இத்தனை பழைய வீடுகள் இடிபடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், வீடு பார்க்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். ரயிலும் மில்லும் வளர்த்த ஊர் இது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955-இல் நேரு தொடங்கி வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., பக்கத்தில் பி அண்ட் சி துணி மில். 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததும் இங்கேதான். அந்தச் சங்கத்தை நடத்திய திரு.வி.க.வின் பெயரில்தான் இன்றைக்கு எங்கள் மாநகராட்சி மண்டலமே இருக்கிறது. இந்தத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி), ஒன்றேகால் கிரவுண்ட் என்று வாங்கி, முன்னால் திண்ணையும் ஓடும் வைத்துத் தாங்கள் இருந்துகொண்டு, பின்கட்டில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

மில் 1996-இல் மூடியது. அந்தத் தலைமுறை போய்விட்டது. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் ஓ.எம்.ஆர். பக்கத்திலும் இருக்கிறார்கள். வீடு நாலைந்து பேருக்குப் பங்கு. யாராலும் தனியாக வாங்கிக்கொள்ளவும் முடியாது, பழுதுபார்க்கவும் மனமில்லை. அப்போதுதான் பில்டர் வருகிறார். "மனையை நீங்க குடுங்க, நான் கட்டுறேன், ஆளுக்குப் பாதி" என்கிறார். இதைத்தான் இங்கே ஜே.வி. என்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் மனைக்காரர் குடும்பத்துக்கு இரண்டு வீடும் ரொக்கமும். மீதி நான்கு வீடு பில்டருக்கு. அந்த நான்கில் ஒன்றுதான் எங்களுடையது.

ஆக, ஜே.வி.யில் வீடு வாங்குகிறவர் உண்மையில் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக்குள் நுழைகிறார். பில்டரின் பளபளப்பான பிரசுரத்தில் இது இருக்காது.

இந்த இடத்தில் எங்கள் வக்கீல் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீடு வாங்கியதில் நான் கொடுத்த காசுகளிலேயே முழுப் பலன் கொடுத்தது அவருக்குக் கொடுத்த 15,000 ரூபாய். வங்கி கடன் கொடுக்கும் முன் தன் வக்கீலை வைத்துப் பார்க்கும்தான். அது வங்கிக்காகப் பார்ப்பது. அதுவும் நாம் அட்வான்ஸ் கொடுத்து வெகுநாள் கழித்து. எங்கள் வக்கீல் அட்வான்ஸுக்கு முன்பே எல்லாப் பத்திரங்களின் நகலையும் கேட்டார். பில்டர் கொடுத்தது ஒரு மெல்லிய ஃபைல்: ஜே.வி. ஒப்பந்தம், மனைக்காரர்கள் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம், பிளான், சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் ஒரு வில்லங்கச் சான்று. "தாய்ப்பத்திரம் எங்கே, வாரிசுச் சான்றிதழ் எங்கே, டவுன் சர்வே பதிவேட்டு நகல் எங்கே" என்று கேட்டு வாங்கினார். 1975-க்குப் பிந்திய வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியதை அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மனை 1960-களில் வாங்கியது என்பதால் அதையும் எடுத்தார். கோயில் நிலமா, வக்ஃப் நிலமா என்றும் பார்த்தார். வட சென்னையில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தது. மனையை வாங்கிய பெரியவர் உயில் எழுதாமல் இறந்தவர். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். ஜே.வி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மனைவி, மகன்கள் இருவர், மூத்த மகள். இளைய மகள் அப்பாவுக்குப் பிறகு சில வருடங்களில் இறந்துவிட்டார். அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பில்டரிடம் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணத்தப்பவே நகை எல்லாம் போட்டு அனுப்பிட்டாங்க மேடம். அவங்க இதுக்கெல்லாம் வர மாட்டாங்க" என்றார். வக்கீல் அம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "நகை போட்டதைப் பத்திரத்துல எழுதலையே சார்."

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லை, 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. கல்யாணம் ஆனதா, சீர் செய்தார்களா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. மகள் பிற்பாடு இறந்ததால் அவர் பங்கு அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும். ஐந்தில் ஒரு பங்கு. அவர்கள் என்றைக்காவது வழக்குப் போட்டால் ஆறு வீட்டுக்காரர்களும் கோர்ட்டில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகள் கேட்டால் அது அவர்களுக்கு நியாயமான பங்கு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிய வீட்டில் குடிபோக எனக்கும் என் கணவருக்கும் மனம் வரவில்லை.

அவர்கள் பணம் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டோம். பில்டர் கோபப்பட்டார். வேறு ஆள் இருக்கிறார்கள் என்றார். கட்டடம் அப்போது முதல் மாடி மட்டத்தில் இருந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு வாங்குநரின் வக்கீலும் இதே கேள்வியைக் கேட்க, பில்டரே கோயம்புத்தூர் போய் வந்தார். மனைக்காரர் குடும்பத்தில் மூத்தவரான பாட்டியம்மாதான் இதில் அதிகம் சந்தோஷப்பட்டவர். பேரப்பிள்ளைகளிடம் பேச்சுவார்த்தையே இல்லாமல் வருடக்கணக்காகிவிட்டதாம். கையெழுத்துப் போட வந்தவர்கள் எங்கள் கிரகப்பிரவேசத்துக்கும் வந்திருந்தார்கள்.

இன்னொரு விஷயம். கிரயப் பத்திரத்தில் மனைக்காரர்கள் சார்பாகப் பவர் ஏஜென்ட் என்ற முறையில் பில்டர்தான் கையெழுத்துப் போடுவார். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. அதனால்தான் பதிவின்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்கிறார்கள். அந்தப் பாட்டியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நாங்கள் அவரையே நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். நல்ல மனசோடு வந்தார். உங்கள் மனைக்காரரும் வயதானவர் என்றால், வாகனம் வைத்தாவது கூட்டி வந்துவிடுங்கள்.

மனையில் எவ்வளவு பாகம் நம் பேரில் பதிவாகிறது என்பதை யூ.டி.எஸ். என்கிறார்கள். எங்களுக்கு 475 சதுர அடி. மனை அளவை ஆறால் வகுத்தால் வருகிற சரியான பங்கு. மில் நிலங்களில் எழுந்திருக்கும் உயரமான வளாகங்களையும் போய்ப் பார்த்தோம். அங்கே ஒன்றில் ஏறக்குறைய இதே அளவு வீட்டுக்கு யூ.டி.எஸ். இதில் பாதிகூட வரவில்லை. நாற்பது ஐம்பது வருடத்தில் கட்டடம் கிழடாகும். அப்போது நம் பிள்ளைகள் கையில் மிஞ்சுவது மண்தான். சின்னக் கட்டடத்தை நான் விரும்பியதற்கு முதல் காரணம் இது. அந்த வளாகங்களுக்கு ஒரு பலம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது: அவை ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டங்கள். மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. எங்கள் மனை 265 சதுர மீட்டர். ஆகவே ரெராவில் பதிவாகும் திட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் பில்டரே பொறுப்பு என்கிற பாதுகாப்பு இங்கே தானாக வராது. நாங்கள் அதையே வாசகமாக அக்ரிமென்ட்டில் எழுத வைத்தோம். எழுத மாட்டேன் என்கிற பில்டரிடம் வாங்காதீர்கள்.

விலை. சதுர அடி 8,400 ரூபாய் வீதம் 79.8 லட்சம், கார் நிறுத்தும் இடம் உட்பட. 950 என்பது பொதுவிடத்தையும் சேர்த்த கணக்கு. உள்ளே காலால் நடக்கிற கார்பெட் ஏரியா 740 சொச்சம்தான். கட்டி முடியும் முன்பே பணம் கட்டத் தொடங்கியதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதிவுச் செலவில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து புதிய ஃபிளாட்டை மனைப் பாகமும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், இரண்டுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்களுக்கு 7 சதவீதம், சுமார் 5.6 லட்சம். 50 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீத வருமான வரியை வாங்குபவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும். பில்டருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு தவணையிலும் பிடியுங்கள். அவர் "முழுசா குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். நோட்டீஸ் வந்தால் நம் பேருக்குத்தான் வரும்.

ஒரு பொதுத்துறை வங்கியில் 56 லட்சம் கடன், இருபது வருடம், தொடக்கத்தில் 8.75 சதவீத வட்டி, மாதம் 49,500. 2025-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போவைக் குறைத்தபோது எங்கள் வட்டியும் இறங்கியது. தவணையைக் குறைக்காமல் மாதங்களைக் குறைக்கச் சொன்னோம். மீதிப் பணம் பி.எஃப்., சீட்டு, என் நகை. வீட்டின் மதிப்பில் எவ்வளவு சதவீதம் கடன் தரலாம் என்று கணக்குப் போடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் வங்கி சேர்க்காது. அந்தப் பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டு வீடு தேடத் தொடங்குங்கள்.

இனி உயரம்.

பெரம்பூர்ப் பக்கம் 'ஓட்டேரி நல்லா' என்கிற கால்வாய் ஓடுகிறது. பெருமழையில் அது நிறைந்தால் தெருக்களின் நீர் போக இடமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் பல தெருக்களில் வெள்ளம் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். நாங்கள் வீடு தேடியது அதற்கு அடுத்த மாதங்களில். அது நல்ல நேரமாக அமைந்தது. சுவரில் தண்ணீர்க் கறை அப்போதும் இருந்தது. புரோக்கர் "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது" என்று சொன்ன தெருவில் முழங்காலுக்கு மேலே கறை பார்த்தேன். புரோக்கரைக் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள், மளிகைக்கடையில் கீழ்த்தட்டில் அரிசி மூட்டை வைக்கிறார்களா என்று பாருங்கள், ஈ.பி. மீட்டர் பெட்டியை எந்த உயரத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் தெருவில் கணுக்காலளவு நின்று, மறுநாள் வடிந்ததாகச் சொன்னார்கள். இடித்த பழைய வீட்டின் தரை, ரோடு மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருந்திருக்கிறது. கட்டும்போது படியேறி நுழைந்த வீடு அது. வருடாவருடம் ரோட்டின் மேல் ரோடு போட்டதில் கீழே போய்விட்டது. புதுக் கட்டடத்தில் பார்க்கிங் தரையை ரோட்டுக்கு மேல் இரண்டரை அடி ஏற்றியிருக்கிறார்கள். சம்ப்பின் வாய், மோட்டார், மீட்டர் போர்டு எல்லாம் அதற்கும் மேலே. இது சரியான வேலை.

ஆனால் நாம் ஏற்றினால் நம் மனையில் விழுகிற தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து மனையில் இன்னும் பழைய ஓட்டு வீடுதான். வயதான தம்பதி இருக்கிறார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவே மூன்றடி சந்து. பில்டரின் பிளானில் மழைநீர்க் குழாய் நேராக அந்தச் சந்தை நோக்கி இறங்கியது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம். காகிதத்தில் ஒரு கிணறு வரைந்திருந்தார், தரையில் தோண்டவில்லை. நான் இதைச் சாதாரணமாக விடவில்லை. நமக்கு வீடு கிடைத்ததற்காகப் பக்கத்து வீட்டுச் சமையலறையில் தண்ணீர் ஏறக்கூடாது. உறைகிணறு இறக்கி, மொட்டைமாடிக் குழாய்களை அதில் சேர்த்து, சுவரோரம் ஒரு வாய்க்கால் கட்டித் தெரு வடிகாலில் விட வேண்டும் என்று கேட்டோம். பில்டர் பாதிச் செலவுதான் தருவேன் என்றார். மீதியை வாங்கிய நான்கு பேரும் பகிர்ந்துகொண்டோம், வீட்டுக்குப் பத்தாயிரம். 2025 டிசம்பரில் டிட்வா புயல் மழையில் தெருவில் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டில் முதல் படி வரை வந்து நின்றது, உள்ளே போகவில்லை. உறைகிணறு இறங்கிய பிறகு எங்கள் போர் தண்ணீரில் உப்பும் கொஞ்சம் குறைந்திருப்பதாக அத்தை சொல்கிறார். பருப்பு வேகிற நேரத்தை வைத்து அவர் சொல்லும் கணக்கை நான் நம்புகிறேன்.

கட்டுமானம் பற்றிச் சுருக்கமாக. தூண், பீம், சுவர் நன்றாக இருக்கின்றன. கட்டும்போது என் கணவர் வாராவாரம் போய் நின்றார். தளம் போட்ட பின் சரியாகத் தண்ணீர் கட்டினார்களா என்று பார்த்தார். மேஸ்திரி பொறுமையான மனிதர், கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். குறைகள் எல்லாம் கடைசி இரண்டு மாத அவசரத்தில் வந்தவை. குளியலறைத் தரைக்குச் சரிவு போதாது. தண்ணீர் மூலையில் தேங்கியது. கூடத்தில் சில டைல்ஸ் தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தது. ஜன்னல் கிரில்லுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. சாவி வாங்கும் முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூலிக்கு அழைத்து அறை அறையாகப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். கடைசித் தவணை இரண்டு லட்சம் எங்கள் கையில் இருந்ததால் அவ்வளவும் சரியாயிற்று. அந்தப் பணத்தையும் முன்பே கொடுத்த எதிர்வீட்டுக்காரர் இன்றும் பில்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

லிஃப்டில் ஐந்து பேர் போகலாம். முதலில் பேட்டரி வைக்கவில்லை. கரண்ட் போனால் பக்கத்து மாடியில் நின்று கதவு திறக்கிற அந்தப் பேட்டரி இல்லாமல், அத்தையைத் தனியாக ஏறவிட எனக்குத் தைரியம் இல்லை. ஆறு வீடும் சேர்ந்து கேட்ட பிறகு வைத்தார். வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் இதை அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள். இன்னும் சரியாகாதது மொட்டைமாடி. வடகிழக்கு மூலையில் மழைநீர் தேங்கி, மூன்றாம் மாடி வீட்டின் கூரையில் ஈரம் காட்டுகிறது. இரண்டு முறை பூசிவிட்டுப் போனார்கள், நிற்கவில்லை. சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டு முழுதாகச் சரிவு எடுக்க வேண்டும் என்கிறார் எங்கள் இன்ஜினியர். அக்ரிமென்ட் வாசகத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தெரு மாறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் பக்கம் மூன்று வீடு இடிபட்டுவிட்டது, நான்காவதில் பலகை தொங்குகிறது. 1985-இல் ரஜினி திறந்து வைத்த பிருந்தா தியேட்டர் 2025-இல் மூடிவிட்டது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45.8 கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்குப் பெரம்பூரில் சுரங்கத்தில் ஸ்டேஷன் கட்டுகிறார்கள். வேலை முடியும் வரை தூசியும் சுற்றுவழியும் இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மெட்ரோ வந்தால் விலை இரட்டிப்பாகும் என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பிக் கொடுக்காதீர்கள். குடியிருக்க வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

எனக்கு வருத்தம் இருக்கிற இடம் ஒன்று உண்டு. இந்த மனையின் பின்கட்டில் நான்கு குடித்தனங்கள் இருந்தன. வீட்டை இடித்தபோது மனைக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் கொடுத்தார். அதே வாடகையில் பெரம்பூரில் வீடு கிடைக்காமல் செங்குன்றம் பக்கம் போய்விட்டார்கள். அவர்களில் ஒரு அம்மா இப்போதும் காலையில் பஸ் பிடித்து வந்து இந்தத் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். இந்த வீட்டுக்கு வரும் வரை வாடகை வீட்டில் இருந்தவள் நான். வீட்டுக்காரர் ஒருவர் காலி செய்யச் சொன்னால் வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆறு சொந்தக்காரர்கள் வந்த இடத்தில் நான்கு குடித்தனங்களுக்கு இடமில்லாமல் போனது நல்லதாக எனக்குத் தோன்றவில்லை. என்னால் ஆனது சிறியது. புது கேட் வந்ததும் இஸ்திரி வண்டிக்கு இடமில்லை என்று பேச்சு வந்தபோது, எங்கள் காம்பவுண்டு ஓரத்திலேயே நிற்கட்டும் என்று பேசி முடித்தோம். பாட்டியம்மாவும் அதையே சொன்னதால் யாரும் மறுக்கவில்லை.

யாருக்கு இது ஒத்துவரும்? வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் பழைய நகருக்குள் இருப்பவர்களுக்கு, பத்திரம் படிக்க நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழக விருப்பம் உள்ளவர்களுக்கு. செக்யூரிட்டி, ஜெனரேட்டர், குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் தயாராக வேண்டும் என்பவர்கள் பெரிய வளாகத்துக்கே போகலாம். இங்கே மோட்டார் ரிப்பேர் ஆனால் நாம்தான் ஆள் கூப்பிட வேண்டும். மாதம் வீட்டுக்கு 2,000 ரூபாய் போடுகிறோம். பொது விளக்கு, லிஃப்ட் பராமரிப்பு, பெருக்குகிற அம்மா சம்பளம், கோடையில் தண்ணீர் லாரி எல்லாம் அதில் அடங்குகிறது. சொத்துவரியும் ஈ.பி. இணைப்பும் பெயர் மாற்றத்தைப் பில்டர் செய்து தருவார் என்று காத்திருக்க வேண்டாம், நாமே செய்துகொள்ளலாம். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே வரி கட்டினால் மாநகராட்சியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

இப்போது ஆறு வீட்டாரும் சேர்ந்து சங்கம் பதிவு செய்யப் போகிறோம். 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், பிற்காலத்தில் இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று இருக்கிறது. ஆறு பேரில் நான்கு பேர். அதனால் மற்ற ஐந்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி ஈரத்தைப் பற்றிப் பில்டருக்கு எழுதும் முதல் கடிதம் சங்கத்தின் பெயரில் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.